மலையில் ஒளிய இடமில்லை

சென்னைக்கு அருகே உள்ள ஒரகடம் சந்திப்பு மேம்பாலத்தின் உயரம் ஏழு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சைக்கிளில் அதை 143 முறை ஏறினால் ஆயிரம் மீட்டர் ஏறியதாகக் கணக்கு. நீலகிரியில் மசினகுடிப் பக்கத்திலிருந்து தலைகுந்தாவுக்குப் போகும் கல்லட்டி மலைப்பாதை, சுமார் 12 கிலோமீட்டரில் 36 கொண்டை ஊசி வளைவுகளோடு அதைவிடவும் சற்றுக் கூடுதலான உயரத்துக்குக் கொண்டுபோகிறது. நடுவில் இறக்கம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது.

2008-இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ சைக்கிள் பயணத்தில் எல்லோரும் எதிர்பார்ப்பதும் அஞ்சுவதும் கல்லட்டி ஏறும் நாளைத்தான். அது தொழில்முறைப் பந்தயம் அல்ல. ஆனாலும் நேரம் குறிக்கப்படும் பகுதிகள் அதில் உண்டு. பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் உலகின் முதல்தர வீரர்களைப் பிரித்துப்போடும் அதே இயற்பியல்தான் இங்கேயும் வேலை செய்கிறது. ஒரகடம் வட்டாரத்தில் மேடே இல்லாத பிள்ளைப்பாக்கத்தில் இருந்துகொண்டு ஒருவர் அந்த மலை நாளுக்குத் தயாராக முடியுமா? முடியும், கணக்கைப் புரிந்துகொண்டால்.

காற்றோடு போராட்டம், எடையோடு போராட்டம்

ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோவில் சாலை போன்ற சமதளத்தில் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் மிதிப்பவரின் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது. வேகம் இருமடங்கானால் காற்றைப் பிளக்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். அதனால்தான் சமதளப் பந்தயங்களில் வீரர்கள் கூட்டமாகப் போகிறார்கள். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள, பின்னால் வருகிறவர் மூன்றில் ஒரு பங்கு உழைப்பை மிச்சம் பிடிக்கிறார். பலவீனமானவரும் பலசாலியின் முதுகுக்குப் பின்னால் நாள் முழுக்க ஒளிந்து வரலாம்.

மலையில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ எடையுள்ள சைக்கிள், தண்ணீர், உடைமைகளோடு ஆயிரம் மீட்டர் ஏறுவதற்குப் புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை சுமார் 784 கிலோஜூல். அதை ஒரு மணி நேரத்தில் முடிக்க அதற்கு மட்டுமே 218 வாட் வேண்டும். காற்றுக்கும் டயரின் உருளலுக்கும் சேர்த்து இன்னும் இருபது வாட் போதும். பத்தில் ஒன்பது பங்கு உழைப்பு எடையைத் தூக்குவதற்கே போகும்போது, அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் போவதால் மிச்சமாவது மிகக் குறைவு. மலையில் ஒளிய இடமில்லை.

எனவே மலையை எதிர்பார்க்கிறவர்கள் பார்க்கும் முதல் எண், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் எத்தனை வாட் என்பது. மேலே சொன்னவர் கல்லட்டியை ஒரு மணி நேரத்தில் ஏற, கிலோவுக்கு சுமார் 3.4 வாட் தர வேண்டும். நன்றாகப் பயிற்சி செய்த அமெச்சூர் ஒருவரால் அது முடியும். உலகின் முன்னணி மலையேறிகள் அரை மணி நேரத்துக்கும் மேலாகக் கிலோவுக்கு 6 வாட்டைத் தாண்டி மிதிக்கிறார்கள். அவர்கள் வந்தால் கல்லட்டி நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதில் எடை ஒரு கிலோ குறைந்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் சுமார் 40 விநாடி மிச்சம். ஆனால் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் வாட்டும் கூடவே குறையும். அது லாபமே அல்ல.

சின்ன சேமிப்பு

வாட் கணக்கு மட்டுமே முடிவைச் சொல்லிவிடும் என்றால் பந்தயமே தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் நீண்ட நேரம் தாக்குப்பிடித்து மிதிக்கக்கூடிய ஒரு வரம்புத் திறன் உண்டு. அதைத் தாண்டி மிதிக்கும்போது உடல் ஒரு சிறிய கையிருப்பிலிருந்து செலவழிக்கிறது. பயிற்சி பெற்றவரிடம் அது 20 கிலோஜூல் அளவில் இருக்கலாம். கல்லட்டிக்குத் தேவையான மொத்த வேலையில் அது மூன்று விழுக்காடுகூட இல்லை. அவசரச் செலவுக்கென்று மடியில் முடிந்துவைத்த பணம் போன்றது அது. வரம்புக்கு மேல் 100 வாட் கூடுதலாக மிதித்தால் 200 விநாடியில் தீர்ந்துவிடும். வரம்புக்குக் கீழே இறங்கி மிதித்தால்தான் மெல்ல மெல்லத் திரும்பவும் சேரும்.

இந்தக் கணக்கு எவ்வளவு பெரிய வீரரையும் விடாது. 2022 டூர் டி பிரான்சில், ஜூலை 13 அன்று, பதினோராம் கட்டம். முந்தைய இரண்டு ஆண்டுகளின் வெற்றியாளரான ஸ்லோவேனியாவின் ததேய் போகச்சார், மொத்த நேரத்தில் முன்னிலை வகிப்பவருக்கான மஞ்சள் சட்டையில் இருந்தார். யும்போ-விஸ்மா அணியின் பிரிமோஷ் ரோக்லிச்சும் டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோவும் கடைசி மலைக்காகக் காத்திருக்கவில்லை. 2,642 மீட்டர் உயரமுள்ள கலிபியே கணவாயை நெருங்கும்போதே மாறி மாறித் தாக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தாக்குதலுக்கும் போகச்சார் தானே எழுந்து பதில் சொன்னார். கடைசி ஏற்றமான கிரானோன் கணவாய் 11.3 கி.மீ. நீளம், சராசரி 9.2 விழுக்காடு சரிவு. அங்கே விங்கெகோ எழுந்து போனபோது போகச்சாரால் தொடர முடியவில்லை. ஒரே ஏற்றத்தில் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் இழந்தார். மஞ்சள் சட்டை கைமாறியது. அந்த ஆண்டின் டூரும் விங்கெகோவுக்கே போனது.

காலையில் எண்களை வைத்துப் பார்த்தவர்கள் போகச்சாரின் பக்கம்தான் பந்தயம் கட்டியிருப்பார்கள். அவருடைய கையிருப்பை யாரெல்லாம் எத்தனை முறை செலவழிக்க வைப்பார்கள் என்பது அந்த எண்களில் இல்லை.

வயிறும் காற்றும்

இரண்டாவது கையிருப்பு தசையிலும் கல்லீரலிலும் உள்ள கிளைக்கோஜன். உடலில் அது ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரைதான். ஐந்து மணி நேர மலை நாளுக்கு அது போதாது. குடல் ஒரு மணி நேரத்தில் சுமார் 60 கிராம் குளுக்கோஸைத்தான் உள்ளே விடும். பிரக்டோஸ் வேறு வழியாக உறிஞ்சப்படுவதால், இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் 90 கிராமைத் தாண்டலாம். வெல்லத்தின் பெரும்பகுதியான சுக்ரோஸ் பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். வெல்லம் கரைத்த தண்ணீரும் வாழைப்பழமும் அறிவியல்படி சரியான சாப்பாடு. ஆனால் குடலுக்கும் பயிற்சி வேண்டும். மலை நாளன்று புதிதாக எதையும் சாப்பிட்டுப் பார்க்கக் கூடாது.

அடுத்தது உயரம். தலைகுந்தா இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்காரரின் உச்சத் திறன் பத்து விழுக்காட்டை ஒட்டிக் குறையும். ஒரகடத்தில் 240 வாட் மிதித்தவர் கடைசி வளைவுகளில் அதே எண்ணை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார்.

சமவெளியில் தயாராவது

பிள்ளைப்பாக்கம் ஏரிப் பக்கம் மலை இல்லை. ஆனால் எதிர்காற்று உண்டு. வாட்டுக்கு அது காற்றா மலையா என்று தெரியாது. எதிர்காற்றில் இருபது நிமிடம் சீராக மிதிப்பது வரம்புத் திறனை வளர்க்கும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சமதளத்தில் சைக்கிளின் வேகமே பெடலைச் சுற்றிவிட உதவும். மலையில் ஒவ்வொரு மிதிக்கும் இடையில் சைக்கிள் தளர்கிறது. அதற்குப் பழக, கனமான கியரில் நிமிடத்துக்கு 50, 60 சுற்று என்று மெதுவாக மிதிக்க வேண்டும்.

மே மாத வெயிலையும் பயன்படுத்திக்கொள்ளலாம். தசைக்குள் எரியும் ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. கவனமாக, போதிய தண்ணீரோடு, பத்துப் பதினைந்து நாள் வெப்பத்தில் பழகினால் ரத்தத்தின் நீர்மப் பகுதி பெருகி, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாகச் செலுத்தும். உண்மையான மலையைப் பார்க்க, பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் ஏலகிரி ஏறலாம். அங்குள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள். கல்லட்டிக்கு அது நல்ல ஒத்திகை.

அன்றாடப் பயிற்சி நடக்கும் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைப் பகுதிச் சாலைகளிலோ கன்டெய்னர் லாரிகளும் ஷிப்ட் பேருந்துகளும் ஓடுகின்றன. பயிற்சிக்கு வருகிறவரும் வேலைக்குச் சைக்கிளில் போகிறவரும் ஒரே ஓரத்தைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு தடம் பிரித்துத் தர வேண்டும். அது பந்தய வீரர்களுக்கான சலுகை அல்ல, எல்லோருக்குமான பாதுகாப்பு.

அடுத்த முறை ஒரு மலை நாளை எதிர்பார்க்கும்போது, யார் பலசாலி என்று மட்டும் கேட்காதீர்கள். யார் இதுவரை குறைவாகச் செலவழித்திருக்கிறார், யார் நேரத்துக்குச் சாப்பிட்டார், யாருக்குத் துணையாக அணி வீரர் இன்னும் மிச்சம் இருக்கிறார் என்றும் கேளுங்கள். மலை புதிதாக எதையும் தீர்ப்பதில்லை. அதுவரை செய்த சேமிப்பையும் செலவையும் நேர் செய்கிறது. ஆகவே கல்லட்டியின் முதல் வளைவு மசினகுடியில் அல்ல, பயிற்சி தொடங்கும் சாலையிலேயே இருக்கிறது.