இந்தியப் பெருங்கடலின் அடியில் படிந்து கிடப்பவை

கடலடியில் எங்கெங்கே எவ்வகைப் படிவு கிடக்கிறது என்பதை உலகுக்கு முதன்முதலில் ஒழுங்குபட அறியத் தந்தவை, 1872 முதல் 1876 வரை பெருங்கடல்களைச் சுற்றிய 'சேலஞ்சர்' என்னும் பிரிட்டிஷ் கப்பல் அள்ளிவந்த மாதிரிகளேயாகும். அவற்றை ஆராய்ந்து ஜான் முர்ரேயும் ரெனாரும் 1891இல் வெளியிட்ட நூலில் கையாண்ட வகைப்பெயர்கள் பல இன்றும் வழங்கி வருகின்றன.

கரைக்கு அருகில் மேலோங்கியிருப்பது நிலத்திலிருந்து வந்த வண்டல். கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்தை அரித்துக் கொண்டுவரும் மணலும் களிமண்ணும், சேறு கலந்து கனத்த நீர் சரிவில் பாயும் கலங்கல் நீரோட்டங்களால் உந்தப்பட்டு, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவி, இலங்கைக்குத் தெற்கே நிலநடுக்கோட்டையும் கடந்து கிடக்கின்றன. வங்க விசிறி எனப்படும் இதுவே உலகின் மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறி.

நிலத்தின் வண்டல் எட்டாத இடங்களில் உயிரினங்களின் எச்சங்களே தரையாகின்றன. ஃபொராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் உயிரிகள் இறந்தபின் அவற்றின் சுண்ணாம்பு ஓடுகள் மழையெனக் கீழிறங்கிச் சேறாகப் படிகின்றன. ஆயினும் ஏறத்தாழ நான்கரை கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே, குளிர்ந்து கரியமில வாயு மிகுந்த நீர் அவற்றைக் கரைத்துவிடுவதால், அங்கே டயாட்டம், ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிரிகளின் சிலிக்கா ஓடுகளும், ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடச் சேராத செங்களிமண்ணுமே எஞ்சுகின்றன.

அந்த ஆழத்தில்தான் கடல்நீரிலிருந்தே பிரிந்து திரளும் மாங்கனீசு முடிச்சுகள் கிடக்கின்றன. ஒன்றை அறுத்துப் பார்த்தால், நடுவில் ஒரு சுறாப்பல்லோ பாறைத் துணுக்கோ இருக்க, அதைச் சுற்றி மாங்கனீசும் இரும்பும் வளையம் வளையமாகப் படிந்திருப்பது தெரியும். பத்து லட்சம் ஆண்டுகளில் அது சில மில்லிமீட்டரே வளரும். நிக்கல், தாமிரம், கோபால்ட் ஆகியவையும் அதில் உள்ளதால், நடு இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியா ஆய்வுக்காகப் பெற்றிருக்கிறது; சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் அதற்கான கருவிகளை உருவாக்கி வருகிறது.

இந்த முயற்சி தேவையானதே. ஆனால் அள்ளும் வேகமும் படியும் வேகமும் ஒன்றல்ல என்பதை முடிவெடுப்போர் மறக்கலாகாது. பெரு நாட்டுக்கு அப்பால் பசிபிக் கடலடியில் 1989இல் ஆய்வுக்காக உழுதுபார்த்த தடங்கள், 2015இல் ஆய்வுக்கப்பல் திரும்பச் சென்றபோதும் தெளிவாகத் தெரிந்தன.