கேமரா கடந்த பாதை – 6: சுழலும் கண்ணாடி

பாரிஸ் கிராண்ட் கஃபேயில் 1895 டிசம்பர் 28 அன்று லூமியேர் சகோதரர்கள் காட்டிய படங்களைச் சென்ற வாரம் பார்த்தோம். அவற்றை எடுத்த சினிமாட்டோகிராஃப் பெட்டியில் ஒரு பெரிய குறை இருந்தது. கைப்பிடியைச் சுற்றத் தொடங்கிவிட்டால், லென்ஸ் வழியே என்ன பதிவாகிறது என்பது சுற்றுகிறவருக்கே தெரியாது. முன்கூட்டியே பின்கதவைத் திறந்து பிம்பத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு கதவை மூடிவிட்டுச் சுற்ற வேண்டியதுதான். சுமார் ஐம்பது விநாடியில் பிலிம் தீர்ந்துவிடும்.

கேமரா ஓரிடத்தில் நின்றவரை இது பெரிய தொல்லையாக இல்லை. கதை வளர்ந்து, நடிகர் அருகில் வந்து, கேமராவும் நகரத் தொடங்கியபோதுதான் சிக்கல் முற்றியது.

ஹாலிவுட்டை ஆண்ட மிட்செல் கேமராவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரு பிடியைத் திருப்பினால், லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்க, பின்னாலுள்ள உடல் மட்டும் பக்கவாட்டில் நகரும். பிலிம் இருந்த இடத்துக்குப் பார்வைக்குழல் வந்து நிற்கும். ஃப்ரேமையும் ஃபோகஸையும் சரிபார்த்துவிட்டு உடலைப் பழைய இடத்துக்குத் தள்ளிய பிறகே படம் எடுக்க முடியும். ஷாட் ஓடும்போது பக்கவாட்டில் பொருத்திய தனி வ்யூஃபைண்டர்தான் துணை. அது லென்ஸிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால், குளோசப்பில் கேமராமேன் பார்ப்பதும் பிலிம் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது. 1941இல் வெளியான 'சிட்டிசன் கேன்' படத்துக்கு கிரெக் டோலண்ட் பயன்படுத்தியதும் மிட்செல்தான். அந்தப் படத்தின் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பின்னால் எவ்வளவு ஒத்திகை இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்!

விடை மியூனிக்கிலிருந்து வந்தது. ஆகஸ்ட் அர்னால்ட், ராபர்ட் ரிக்டர் என்ற இரு நண்பர்கள் 1917இல் தொடங்கிய நிறுவனம் ஆரி. அங்கே எரிக் கெஸ்ட்னர் வடிவமைத்த ஆரிஃப்ளெக்ஸ் 35, 1937இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமானது.

பிலிமில் எடுக்கும் சினிமா கேமராவில் பிலிமுக்கு முன்னால் ஷட்டர் சுழல்கிறது. ஒரு ஃப்ரேம் நகர்ந்து அடுத்தது வந்து நிற்கும்வரை அது வெளிச்சத்தை மறைக்கும். கெஸ்ட்னர் அந்த ஷட்டரையே முகம் பார்க்கும் கண்ணாடியாக்கி, 45 டிகிரி சாய்த்து வைத்தார். ஷட்டர் விலகியிருக்கும்போது வெளிச்சம் பிலிமுக்குப் போகும். மறைக்கும்போது கண்ணாடியில் பட்டு வ்யூஃபைண்டருக்குத் திரும்பும். ஒரே லென்ஸ், ஒரே பிம்பம், பிலிமுக்கும் கேமராமேனுக்கும் மாறி மாறி.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பிலிமுக்கு வெளிச்சம் கிடைக்கும் கணத்தில் கேமராமேனுக்கு இருட்டு. விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும்போது பிம்பம் லேசாகப் படபடப்பதுதான் தெரியும். ஆனால் துப்பாக்கி சுடும் காட்சியில் குழலின் தீப்பொறி வ்யூஃபைண்டரில் பளிச்சென்று தெரிந்தால், அது பிலிமில் விழாமல் போயிருக்கலாம். உடனே இன்னொரு டேக் கேட்பார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் போர்முனைப் படப்பிடிப்பாளர்கள் இந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். போருக்குப் பின் ஹாலிவுட்டும் அதை எடுத்துக்கொண்டது. 1947இல் வந்த 'டார்க் பேசேஜ்' படத்தின் ஆரம்பப் பகுதியில் நாயகனின் முகமே தெரியாது. அவன் கண் வழியாகவே கதை நகரும். அந்தக் காட்சிகளைக் கையில் பிடித்து எடுக்க உதவியது ஆரிஃப்ளெக்ஸ். வண்ணப் படம் வந்ததைவிட இந்தச் சிறு கண்ணாடி கேமராமேனின் வேலையை அதிகம் மாற்றியது என்றே சொல்ல வேண்டும். ஓடும் மனிதனின் பின்னால் ஓடிக்கொண்டே, ஃப்ரேமை அந்தக் கணத்தில் முடிவு செய்யும் துணிச்சலைத் தந்தது அதுதான். 1982ஆம் ஆண்டுக்கான அறிவியல் ஆஸ்கர் விருது இதற்காகவே அர்னால்டுக்கும் கெஸ்ட்னருக்கும் கிடைத்தது.

இதன் வாரிசான ஆரி 2சி தமிழ் சினிமாவிலும் நெடுங்காலம் உழைத்தது. ஓடும்போது இரைச்சல் போடும் கேமரா அது. படப்பிடிப்பில் பேசிய வசனத்தைப் பிறகு டப்பிங் தியேட்டரில் மறுபடி பேசும் வழக்கம் இங்கே வேரூன்றியதற்கு அந்தச் சத்தமும் ஒரு காரணம்.

2010இல் ஆரியின் டிஜிட்டல் கேமராவான அலெக்ஸா வந்தது. இப்போது பதிவாவதை மானிட்டரில் எல்லாரும் பார்க்கலாம். கண்ணாடிக்குத் தேவையே இல்லை. ஆனாலும் மின்திரையை நம்பாமல் லென்ஸ் வழியே நேராகப் பார்க்க விரும்பியவர்களுக்காக, அலெக்ஸா ஸ்டுடியோ என்ற மாடலில் சுழலும் கண்ணாடியை ஆரி மறுபடியும் பொருத்தியது.

(தொடரும்)