புத்தளக் கரையின் பழைய லொறிகளும் முறிந்த ஹீற்றர் பிளக்கும்

கற்பிட்டிக் குடாநாட்டில் விளையும் வெங்காயமும் மிளகாயும் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போய்ச் சேர்வதும், புத்தளம் களப்பை ஒட்டிய உப்பளங்களில் வாரிய உப்பு மூட்டை மூட்டையாக வெளியேறுவதும், சிலாபத்திலும் கற்பிட்டியிலும் கரையேறும் மீன் ஐஸ் பெட்டிகளில் ஊர் தாண்டுவதும் பெரும்பாலும் சிறிய ஜப்பானிய டீசல் லொறிகளில்தான். இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கென்டர், டொயோட்டா டைனா என்னும் இவ்வண்டிகளுள் இருபது, முப்பது ஆண்டுகளைக் கடந்தவை இன்றும் சாலையில் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இன் தொடக்கத்தில்தான் அதை மீண்டும் பரவலாக அனுமதித்ததால், இடைப்பட்ட ஆண்டுகளில் புதிய லொறி வாங்கும் எண்ணத்தோடு இருந்தவர்களும் பழையதையே பழுதுபார்த்து ஓட்ட வேண்டியதாயிற்று. அவ்வாறு கராஜுக்கு வரும் எஞ்சின்களில், பார்வைக்குச் சிறியதாயினும் வேலைக்குப் பெரியதாக அமைந்துவிடும் பழுதுகளுள் ஒன்று, ஹீற்றர் பிளக்கைக் கழற்றும்போது அது முறிந்து சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிடுவதாகும்.

பெற்றோல் எஞ்சினில் உள்ளதுபோல் டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று தன் பருமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நசுக்கப்படும்போது உண்டாகும் வெப்பத்திலேயே, உள்ளே தெளிக்கப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. எஞ்சின் ஆறிக் கிடக்கும் விடியற்காலையில் அந்த வெப்பத்தின் ஒரு பகுதியைச் சுற்றியுள்ள இரும்பு விழுங்கிவிடுவதால், தொடக்கத்தில் சில நொடிகளுக்கு வெளியிலிருந்து சூடு கொடுக்க வேண்டியிருக்கிறது. இதைச் செய்வதே ஹீற்றர் பிளக். அதன் நுனி ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் பருமனுள்ள மூடிய உலோகக் குழாயாகும். குழாய்க்குள் மின்கம்பிச் சுருளும், அச்சுருளைச் சுற்றி இறுக அடைத்த மக்னீசியம் ஒக்சைட்டுத் தூளும் இருக்கின்றன. மின்சாரத்தைக் கடத்தாமல் வெப்பத்தை மட்டும் கடத்தும் இத்தூளின் தயவால், சாவியைத் திருப்பிய சில நொடிகளில் நுனி செந்தணலாகி 800 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தை எட்டுகிறது. நுனிக்கு மேலே மரையுள்ள உடலும், அதற்கும் மேலே ஸ்பானர் பிடிக்கும் அறுகோணத் தலையும், உச்சியில் வயர் பூட்டும் முனையும் அமைந்துள்ளன. தலையும் மரையும் சந்திக்கும் இடத்தில் நடுவே துளையோடிய உடலின் சுவர் மெலிந்திருப்பதால், பெரும்பாலான முறிவு அங்கேயே நிகழ்கிறது.

எல்லா லொறிக்கும் இத்தொல்லை இல்லை. டாட்டா, அசோக் லேலண்ட் போன்ற பெரிய லொறிகளின் நேரடித் தெளிப்பு எஞ்சின்கள் பல, ஹீற்றர் பிளக் இன்றியே இயங்குமாறு அமைக்கப்பட்டவை. ஆனால் 1961இல் அன்றைய இலங்கைக்குத் தன் முதல் ஏற்றுமதி லொறியை அனுப்பிய டாட்டா நிறுவனம், அக்காலத்தில் டைம்லர் பென்ஸின் கூட்டுறவோடு செய்த, டீசலை முதலில் ஒரு சிறு முன்னறைக்குள் தெளிக்கும் எஞ்சின்களில் பிளக்குகள் இருந்தன. அவை ஒன்றன் பின் ஒன்றாகத் தொடர்ச்சுற்றில் இணைக்கப்பட்டிருந்தமையால், ஒன்று பழுதானாலும் மற்றவை எல்லாம் அணைந்துபோகும். ஓட்டுநர் அன்றே தெரிந்துகொண்டு அன்றே மாற்றினார். பிற்காலத்து ஜப்பானிய எஞ்சின்களில் பிளக்குகள் தனித்தனியே மின்சாரம் பெறுகின்றன. நான்கில் ஒன்று செத்தாலும் மூன்று வேலை செய்யும். வசதிதான், ஆயினும் தொல்லையின் வேர் இந்த வசதியிலேயே இருக்கிறது.

டீசலை முதலில் ஒரு சிறு அறைக்குள் தெளித்து எரிக்கத் தொடங்கும் சுழலறை எஞ்சின்களான டொயோட்டா 2எல், 3எல் போன்றவற்றில், அச்சிறு அறையின் சுவர்கள் வெப்பத்தை அதிகம் உறிஞ்சிவிடுவதால், வெப்ப நாட்டிலும் பிளக்கின் உதவி வேண்டும். பிளக் பழுதானால் காலையில் ஸ்டார்ட்டர் நெடுநேரம் சுற்றுவதும் வெண்புகை வருவதும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பிஸ்டனின் தலையிலுள்ள குழியிலேயே நேராகத் தெளிக்கும் இசுசு 4ஜேபி1 போன்ற எஞ்சின்களின் நிலை வேறு. விடியலிலும் குளிர் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத புத்தளக் கரையில், நான்கு பிளக்கும் செத்த பின்னும் அவை ஸ்டார்ட் ஆகிவிடுகின்றன. குறை தெரியாததால் எவரும் தொடுவதில்லை. தொடாமல் ஆண்டுகள் கழிந்த பின் ஒரு நாள் கழற்ற முற்படும்போது, பிளக் ஹெட்டோடு ஒன்றிப்போயிருக்கிறது. நுவரெலியாவின் குளிரில் ஓடும் அதே லொறியின் பிளக் அடிக்கடி மாற்றப்படுவதால் எளிதில் கழன்றுவிடும் என்பதை நினைத்தால், பிளக்கை முறிப்பது குளிரன்று, மறதியே என்று கூறலாம்.

மறதிக்குத் துணை நிற்பது உப்பு. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, கற்பிட்டிப் பக்கத்துக்கு மழையைக் காட்டிலும் காற்றையே மிகுதியாகக் கொண்டுவருகிறது. அக்காற்றில் கலந்துவரும் கடல்நீர்த் திவலைகள் உலர்ந்து நுண்ணிய உப்பாக எஞ்சின் மீது படிகின்றன. வளியின் ஈரப்பதன் 75 சதவீதத்தைக் கடந்ததும் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும் இயல்புடையது. கடற்கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதன் அந்த அளவைத் தாண்டுவதால், மழையே இல்லாத மாதத்திலும் பிளக்கைச் சுற்றியுள்ள பள்ளம் இரவுதோறும் உப்புநீரில் ஊறுகிறது. பழைய லொறிகளின் வார்ப்பிரும்பு ஹெட்டில் உண்டாகும் துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடத்தை அடைப்பதால், மரையின் இடைவெளிகளை நிரப்பி ஆப்புப்போல் இறுகுகிறது. உள்ளிருந்து வரும் கரியோ நுனிக்கும் துளைக்கும் இடையிலுள்ள மெல்லிய வெளியில் படிந்து கல்லாகிறது. ஆக, பிளக் மேலே துருவாலும் கீழே கரியாலும் இரண்டு இடங்களில் பிடிபட்டிருக்கிறது.

மூன்றாவது காரணம் மனிதர் செய்வது. இந்த லொறிகளுள் சில 12 வோல்ற் அமைப்பும் சில 24 வோல்ற் அமைப்பும் கொண்டவை. 12 வோல்ற் பிளக்கை 24 வோல்ற் வண்டியில் பூட்டினால் மின்னோட்டம் இரு மடங்காகி, வெப்பம் தொடக்கத்தில் நான்கு மடங்காகும். இன்னும் நுட்பமான குழப்பமும் உண்டு: சில டொயோட்டா எஞ்சின்களில் பற்றரி 12 வோல்ற்றாயினும் பிளக்கில் 6 வோல்ற் என்றே பொறித்திருக்கும். விரைவாகச் சிவந்தபின் மின்னழுத்தத்தைக் குறைக்கும் கட்டுப்பாட்டுக் கருவியோடு சேர்ந்து இயங்க வேண்டியவை அவை. கருவி பழுதாகி, அதற்குப் பதிலாக நேரடி சுவிட்ச் போடப்பட்ட வண்டியில் அவற்றின் நுனி உருகி வீங்கிவிடும். வீங்கிய நுனி தான் நுழைந்த துளை வழியே திரும்பி வராது.

கழற்றும் வேலை ஸ்பானரில் தொடங்குவதில்லை. பிளக்குகளை இணைக்கும் தகட்டை அகற்றி, சோதனை விளக்கின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையிலும் மறுமுனையைப் பிளக்கின் உச்சியிலும் வைத்தால், சுருள் அறுந்த பிளக்கில் விளக்கு எரியாது. எவை செத்தவை என்று இவ்வாறு தெரிந்த பின், பள்ளங்களிலுள்ள மணலையும் உப்பையும் காற்றடித்து வெளியேற்றி, ஊடுருவும் எண்ணெயை மரையடியில் விட்டு ஓரிரு நாள் ஊறவிடுவது நல்லது. வேலைக்குப் போகும் லொறியாயின், ஒவ்வொரு மாலையும் எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஓட்டினால், எஞ்சின் சூடாவதும் ஆறுவதும் எண்ணெயை மரைக்குள் இழுத்துச் செல்லும். பின்னர் எஞ்சினை ஓட்டி நன்றாகச் சூடாக்கி, சூடு ஆறுமுன் கழற்ற வேண்டும். இன்னும் உயிருள்ள பிளக்காயின் அதற்குரிய மின்னழுத்தத்தைச் சில நிமிடம் நேரடியாகக் கொடுத்து, நுனியைச் சுற்றியுள்ள கரியை எரித்துத் தளர்த்தலாம். செத்த பிளக்குக்கு இந்த வழி இல்லை.

எவ்வளவு பலம் கொடுக்கலாம் என்பதற்கு அளவு உண்டு. 10 மில்லிமீற்றர் மரையுள்ள பிளக்குக்கு 35 நியூற்றன் மீற்றரும், 8 மில்லிமீற்றருக்கு 20உம், 12 மில்லிமீற்றருக்கு 45உம் கழற்றும்போது தாண்டக் கூடாத எல்லைகளாக உற்பத்தியாளர்கள் குறிப்பிடுகின்றனர். 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள பிடியின் முனையில் 12 கிலோ எடையளவு இழுத்தாலே 35 நியூற்றன் மீற்றர் எட்டப்பட்டுவிடும் என்பதால், பிடிக்கு நீளக் குழாய் மாட்டி இழுக்கும் வழக்கம் பிளக்கை முறிப்பதற்கான மிக உறுதியான வழியாகும். எல்லையை எட்டியும் அசையாவிட்டால், நிறுத்திவிட்டு மீண்டும் ஊறவைப்பதே முறை. அசைந்த பிறகும் ஒரே மூச்சில் திருகாமல், கால் சுற்று தளர்த்தி அரைக்கால் சுற்று இறுக்கி, எண்ணெய் விட்டு மீண்டும் தளர்த்தி முன்பின்னாகக் கொண்டுவர வேண்டும். உரசும் ஓசையோடு இறுக்கம் கூடுமாயின் துருத்தூள் மரையில் சிக்குகிறது என்று பொருள்.

இத்தனைக்குப் பிறகும் முறிந்தால், முறிவின் உயரத்தைப் பார்க்க வேண்டும். உடலின் சிறு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மீது ஒரு நட்டை வெல்டிங் செய்து திருப்பிப் பார்க்கலாம். நட்டைவிட, வெல்டிங்கின் திடீர் வெப்பமே பலமுறை துருவின் பிடியைத் தளர்த்துகிறது. பற்றரி, ஓல்டர்னேட்டர் இணைப்புகளை முன்னரே கழற்றிவிட வேண்டும். பள்ளத்தின் அடியில் மட்டமாக முறிந்திருந்தால் துளையிடுவதே வழி. கடினமான எக்ஸ்ட்ராக்டரைச் செருகித் திருகும் ஆசையை இங்கே அடக்குவது நல்லது, ஏனெனில் அது உள்ளே முறிந்தால் சாதாரணத் துறப்பணம் எதுவும் அதைத் துளைக்காது.

பிளக்கின் உடல் இயல்பாகவே நடுவில் துளையுள்ளது. மின்முனைக் கம்பியைப் பிடுங்கி எடுத்தபின் துறப்பணம் அத்துளையைப் பின்பற்றிச் செல்லும். ஆனால் கையில் பிடித்த ட்ரில் சற்றே சாய்ந்தாலும், பிளக்கின் எஃகை விட்டு வார்ப்பிரும்புக்குள் வழுக்கிச் சென்று ஹெட்டின் மரையைத் தின்றுவிடும். இதைத் தடுக்க, பள்ளத்தில் இறுகப் பொருந்தி நடுவில் துறப்பணத்துக்கு வழிவிடும் உருளையொன்றை லேத்தில் கடைந்துகொள்ளலாம். அரை நாளில் முடியும் இந்த உருளைக்கான செலவை மிச்சம் பிடிக்க நினைத்து, ஹெட்டையே இழப்பது வேடிக்கையான சிக்கனம். துறப்பணத்தின் வரிகளில் தடித்த கிரீஸைப் பூசி, சிறிது துளைத்ததும் வெளியே எடுத்துத் துடைத்து, மீண்டும் பூசித் தொடர்ந்தால் இரும்புச் சீவல்களில் பெரும்பகுதி கிரீஸிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஜப்பானியப் பிளக்குகளில் மிகப் பரவலான மரை 10 மில்லிமீற்றர் விட்டமும் 1.25 மில்லிமீற்றர் இடைவெளியும் கொண்டது. அதன் உள்துளை ஏறத்தாழ 8.8 மில்லிமீற்றர். அதற்குச் சற்றுக் குறைவாகத் துளைத்து நிறுத்தினால், மீதமுள்ள எஃகு மெல்லிய சுருளாகத் தளர்ந்து, கூரிய கொக்கியால் பிடுங்கத்தக்கதாகும். பிறகு மரையைச் சுத்தம் செய்ய, மரை வெட்டும் டேப்பை ஓட்டும்போது கவனம் வேண்டும்: 10 மில்லிமீற்றர் டேப் என்று கேட்டால் கடையில் முதலில் கைக்கு வருவது 1.5 இடைவெளியுள்ள சாதாரண டேப்பாகவே இருக்கும். அதைத் திருகினால் காப்பாற்றிய மரை இரண்டு சுற்றில் அழிந்துபோகும்.

உடல் வந்துவிட்டாலும் நுனி கரியில் சிக்கி உள்ளேயே நிற்கலாம். அதன் மேல்வாயில் சிறிய மரை வெட்டி, போல்ட்டைப் பூட்டி, வழுக்குச் சுத்தியலால் வெளிநோக்கித் தட்டி இழுப்பது வழக்கம். ஒருபோதும் அதை உள்ளே தட்டக் கூடாது. நேரடித் தெளிப்பு எஞ்சினில், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கும் ஹெட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே எஞ்சும் நிலையில், 5 மில்லிமீற்றர் நுனி என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சுழலறை எஞ்சினில் அறையின் வாய் குறுகலானதால் நுனி அறைக்குள்ளேயே தங்கும். ஆனால் தேய்ந்து துண்டாகிய பின் அதுவும் சிலிண்டருக்கு இறங்கும். உள்ளே விழுந்ததைக் காந்தத்தால் எடுக்கலாம் என்ற நம்பிக்கை பெரும்பாலும் பலிப்பதில்லை, ஏனெனில் வெப்பம் தாங்குவதற்காகப் பல பிளக்குகளின் நுனி நிக்கல் கலப்புலோகத்தால் செய்யப்படுகிறது; அதைக் காந்தம் இழுக்காது. விழுந்தது உறுதியானால் ஹெட்டைக் கழற்றுவதே வழி. வீங்கிய நுனிக்கும் அதுவே மருந்து: ஹெட் மேசைக்கு வந்துவிட்டால் நுனியை உட்புறமாகத் தள்ளி எடுக்கலாம், துளையிட நேர்ந்தாலும் நிலைத்த ட்ரில் இயந்திரத்தில் சாயாமல் துளைக்கலாம்.

புதிய பிளக் ஏறுமுன் நுனி செல்லும் துளையிலும் இருக்கையிலும் உள்ள கரியைச் சரியான அளவு ரீமரால் சுரண்ட வேண்டும். இன்ஜெக்டர்களையும் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, டீசலை நிறுத்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றினால் எஞ்சிய சீவல்கள் வெளியே வீசப்படும். அந்நேரம் துளைகளுக்கு நேரே முகத்தை வைக்கக் கூடாது. மரையில் மட்டும், நுனியில் படாமல், வெப்பம் தாங்கும் பசையை மெல்லப் பூசி, எஞ்சின் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். 10 மில்லிமீற்றர் பிளக்குக்கு அது வழக்கமாக 20 நியூற்றன் மீற்றரைத் தாண்டுவதில்லை. பிளக் வேலை செய்யும் எஞ்சினில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கும் பழக்கத்தையும் அத்தோடு விட்டுவிட வேண்டும். சிவந்த நுனியில் ஈதர் ஆவி பட்டால் காற்று உள்ளிழுக்கும் குழாயிலேயே வெடிக்கலாம்.

முறிந்த எல்லாவற்றையும் உடனே எடுத்தாக வேண்டும் என்பதும் இல்லை. தலை மட்டும் முறிந்து, உடல் மரையில் இறுகி நின்று, சோப்புநீர் ஊற்றிப் பார்த்தால் குமிழி எழாத நிலையில், அந்த அடிக்கட்டை சிலிண்டரை அடைக்கும் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கிறது. நேரடித் தெளிப்பு எஞ்சினுள்ள ஒரு லொறி, மூன்று பிளக்கோடு புத்தளத்தின் வெப்பத்தில் இடரின்றி ஸ்டார்ட் ஆகுமாயின், அறுவடைக் காலத்தின் நடுவே அதைப் பிரித்துப்போடுவதைவிட, வால்வு வேலைக்கோ கேஸ்கெட் மாற்றவோ ஹெட் எப்படியும் கழலும் நாள் வரை விட்டுவைப்பதே நல்லது. வாரந்தோறும் பள்ளத்தைத் துடைத்து, குமிழியோ கரிக்கசிவோ தெரிகிறதா என்று பார்த்தால் போதும். தெரிந்த அன்று லொறியை நிறுத்திவிட வேண்டும்.