ஏ.சி. பூட்டும் வியாபாரிகளே, கடைக்கு வெளியேயும் கொஞ்சம் பாருங்கள்!

சென்ற வாரம் ஒரு தம்பி என்னைத் தேடிக் கடைக்கு வந்தார். புதிதாகச் செருப்புக் கடை திறக்கப் போகிறார். ஏ.சி.யின் உள்பெட்டி எந்தச் சுவரில் வந்தால் அழகாக இருக்கும், கண்ணாடி அலுமாரிக்கு மேலேயா, காசு மேசைக்கு எதிரேயா என்றெல்லாம் ஒரு தாளில் வரைந்து கொண்டு வந்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "வெளிப்பெட்டி எங்க தம்பி?" என்று கேட்டேன்.

"அது பின்னுக்கு எங்கயாவது வெக்கலாம் காக்கா" என்றார்.

அந்த "எங்கயாவது" என்ற ஒரு சொல்லுக்கு நான் கொடுத்த விலை எனக்குத்தான் தெரியும். நான் பொறியியல் படித்தவன் அல்லன். காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கும் ஒரு சாதாரண வியாபாரி. ஆனால் காசைப் போட்டுப் படித்த பாடம் மறப்பதில்லை. அதைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

நோன்பு மாதத்து அவசரம்

2016இல் ஜூன் மாதம் நோன்பு வந்தது. எங்கள் பகுதியில் அது கச்சான் காற்று வீசும் காலம். பகலில் அனல் அடிக்கும். தராவீஹ் தொழுகைக்குப் பிறகுதான் வியாபாரம் சூடு பிடிக்கும். பெண்கள் குழந்தைகளோடு வந்து மணிக்கணக்கில் நின்று புடவை தெரிவார்கள். பக்கத்துக் கடைகளில் ஏ.சி. வந்துவிட்டது. நானும் நோன்புக்குப் பத்து நாள் இருக்கும்போது 24,000 பி.ரி.யு. அளவில் இரண்டு ஸ்பிளிட் ஏ.சி. வாங்கினேன்.

பூட்ட வந்தவர் வெளிப்பெட்டிகளை எங்கே வைப்பது என்று கேட்டார். கடையின் பின்சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே இரண்டரை அடி அகலத்தில் ஓர் இடைவெளி இருந்தது. குழாய் நீளம் குறையும், செலவும் குறையும் என்று அதைக் காட்டினேன். அவரும் மறுக்கவில்லை. மழை படக்கூடாதென்று மேலே தகரம் அடித்தேன். திருட்டுப் போகக்கூடாதென்று கம்பிக் கதவும் போட்டேன். நல்ல வேலை செய்துவிட்டதாக நினைத்துக் கொண்டேன்.

கடைசிப் பத்தில், கடை நிரம்பிய ஓர் இரவில், இரண்டு ஏ.சி.யும் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. அரை மணி நேரம் விட்டுப் போட்டால் ஓடும், மீண்டும் நிற்கும். பெருநாள் வரை இதே கதைதான். பூட்டியவர் வந்து தகரத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். மாரி மழை தொடங்கியதும் மீண்டும் அடித்துவிட்டேன்.

2018இல் ஒன்றின் கொம்பிரஸர் எரிந்தது. வாங்கிய இடத்துக்கு வாரண்டி அட்டையோடு போனேன். படத்தைப் பார்த்தார்கள். கைநூலைத் திறந்து, வெளிப்பெட்டியைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி வரைந்திருந்த பக்கத்தைக் காட்டினார்கள். வாரண்டி இல்லை. கொம்பிரஸர் மாற்றிய செலவு புது மெஷின் விலையில் பாதி.

வெப்பமானி சொன்ன கதை

கொம்பிரஸர் மாற்ற வந்தவர் கட்டாரில் இந்தத் தொழில் செய்துவிட்டு வந்த இளைஞர். வேலையைத் தொடங்க முன் ஒரு வெப்பமானியை அந்த இடைவெளிக்குள் தொங்கவிட்டு, ஓடிக்கொண்டிருந்த மற்ற ஏ.சி.யின் முன்னால் பத்து நிமிடம் பொறுத்திருந்தார். வீதியில் 34 பாகை இருந்த நேரம், அந்த இடைவெளிக்குள் 50 பாகை காட்டியது.

"காக்கா, ஏ.சி. குளிரைச் செய்யிற மெஷின் எண்டு நினைக்கிறீங்க. இது சூட்டை அள்ளி வெளியில கொட்டுற மெஷின். கொட்டின சூட்டையே நீங்க திரும்பக் குடிக்க வெச்சிருக்கீங்க" என்றார்.

பிறகு கணக்குச் சொன்னார். 24,000 பி.ரி.யு. என்றால் கடைக்குள்ளிருந்து ஏறக்குறைய 7 கிலோவாட் சூட்டை அது அள்ளுகிறது. அதற்காக அது எடுக்கும் மின்சாரம் சுமார் 2 கிலோவாட்டுக்கு மேல். அந்த மின்சாரமும் கடைசியில் சூடாகத்தான் மாறும். ஆக, ஒரு வெளிப்பெட்டி முழு வேகத்தில் ஓடும்போது 9 கிலோவாட் சூட்டைத் துப்புகிறது. ஒரு கிலோவாட் மின்னடுப்பு ஒன்பதை வரிசையாக வைத்து எரிப்பது போல. இரண்டு பெட்டி என்றால் பதினெட்டு அடுப்பு. இரண்டரை அடி இடைவெளியில், தகரத்துக்குக் கீழே!

ஏ.சி.யின் பெட்டியில் எழுதியிருக்கும் குளிர் அளவும் மின்சார அளவும் வெளியே 35 பாகை இருக்கும்போது எடுத்த கணக்கு. வெளிப்பெட்டி உறிஞ்சும் காற்று அதற்கு மேல் ஒவ்வொரு பாகை கூடும்போதும் மின்செலவு இரண்டு மூன்று வீதம் கூடும், குளிரும் குறையும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களின் பொதுக்கணக்கு. 50 பாகையில் ஓடினால் என்னவாகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் கொம்பிரஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். நாம் திரும்பத் திரும்பப் போட்டு ஓட்டினால் எரிந்துவிடும்.

மறுபக்கத்து யன்னல்

பேச்சை முடித்துவிட்டு அந்த இளைஞர் எதிர்ச்சுவரைக் காட்டினார். பக்கத்து வீட்டுக் குசினி யன்னல். உள்பக்கமாகப் பலகை வைத்து ஆணி அடிக்கப்பட்டிருந்தது. இரண்டு வருடமாக அந்த இடத்துக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒரு நாளும் அதைக் கவனிக்கவில்லை.

அந்த வீட்டில் தனியே இருப்பவர் எனது உம்மாவின் வயதுள்ள ஒரு மாமி. அன்று அஸருக்குப் பிறகு போனேன். குசினிக்குள் கால் வைத்ததும் முகத்தில் அடித்த சூட்டை என்னால் விவரிக்க முடியாது. "ஏன் மாமி ஒரு சொல்லுச் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"கடை நல்லா ஓடட்டும் எண்டுதான் மகன். நோன்பு நேரம் நாலு பேர் வந்து போற கடை. நான் பலகைய அடிச்சிட்டு விட்டுட்டன்" என்றார்.

கொம்பிரஸருக்குக் கொடுத்த காசை நான் மறந்துவிட்டேன். இந்தச் சொல் மட்டும் மறக்கவில்லை. அண்டை வீட்டாரின் ஹக் பற்றி எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்போம்! என் வாடிக்கையாளர் குளிரில் நின்று புடவை தெரிவதற்கான கூலியை அவர் கொடுத்துக் கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த வாரமே இரண்டு பெட்டிகளையும் கடையின் மேல்தட்டுக்கு மாற்றினோம். மாமியின் யன்னல் திறந்தது. என் மின்பட்டியலிலும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு யூனிட் குறைந்தது. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியபோது, பழைய இடத்திலேயே அவை இருந்திருந்தால் கதி என்னவென்று நினைத்துப் பார்த்தேன்.

இடம் தெரிவது எப்படி?

அந்த இளைஞரிடம் கற்றதையும் பிறகு கைநூலில் வாசித்ததையும் சுருக்கமாகத் தருகிறேன்.

வெளிப்பெட்டி பின்பக்கத்தாலும் ஒரு பக்கவாட்டாலும் காற்றை உறிஞ்சி முன்பக்கத்தால் தள்ளுகிறது. பின்னால் குறைந்தது ஓர் அடியாவது விடுவது நல்லது. முன்னால் எந்தச் சுவரும் இல்லாமல் திறந்த வெளி இருப்பதே சிறப்பு. முடியாவிட்டால் உங்கள் மெஷினின் கைநூலில் உள்ள அளவில் ஓர் அங்குலமும் குறைக்க வேண்டாம். ஒரு பெட்டியின் மூச்சு மற்றப் பெட்டியின் முகத்தில் படக்கூடாது.

வெளிப்பெட்டி மழையில் நனையவே செய்யப்பட்டது. தகரக் கூடு அதற்குத் தேவையில்லை. வெயிலுக்கு நிழல் நல்லதுதான். ஆனால் நிழல் உயரத்தில் இருக்க வேண்டும், காற்றை அடைக்கக் கூடாது.

கச்சான் மேற்குப் பக்கத்தால் அடிக்கும். அதற்கு நேர் எதிரே முகம் வைத்தால் விசிறி காற்றோடு சண்டை பிடிக்கும். என் பெட்டிகளை வடக்கு நோக்கித் திருப்பி வைத்தோம். நிலத்தில் வைப்பவர்கள் மாரி வெள்ளத்தை நினைத்து, தண்ணீர் ஏறும் மட்டத்துக்கு மேலே மேடை கட்ட வேண்டும்.

சுவரில் தொங்கவிடுவதானால், 24,000 பி.ரி.யு. பெட்டி ஏறக்குறைய ஒரு மூடை சீமெந்தின் பாரம் என்பதை நினைவில் வையுங்கள். பாரம் தாங்கும் சுவரா என்று மேசன் பாஸிடம் கேளுங்கள். உள்ளே பொந்துள்ள சீமெந்துக் கல்லில் போல்ட் பிடிக்காது. ஆட்கள் நடக்கும் இடத்துக்கு மேலே தொங்கவிடுவதை இயன்றவரை தவிர்த்துக் கொள்ளுங்கள். எங்கே வைத்தாலும் மட்டம் பார்த்து, காலுக்கு றப்பர் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வு கட்டிடம் முழுவதும் கேட்கும்.

பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

தேநீர் குடிக்கப் போய்விட வேண்டாம். நான்கு விடயங்களைக் கண்ணால் பாருங்கள்.

முதலாவது, செப்புக் குழாய் இரண்டுக்கும் தனித்தனியே றப்பர் உறை போட வேண்டும். இரண்டையும் ஒரே உறைக்குள் திணித்தால் குளிர் வழியிலேயே வீணாகும், தண்ணீரும் சொட்டும்.

இரண்டாவது, வெக்கியூம் பம்ப் பூட்டி, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க வேண்டும். மானியைப் பார்த்தே செய்ய வேண்டும், குறைந்தது அரை மணி நேரமாவது கொடுங்கள். "கொஞ்சம் கேஸைத் திறந்து விட்டா காத்துப் போயிடும்" என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள். உள்ளே தங்கும் ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கொம்பிரஸரைத் தின்றுவிடும்.

மூன்றாவது, கசிவு பார்க்க நைட்ரஜன் வாயுவையே பாவிக்க வேண்டும். ஒட்சிசன் சிலிண்டரைப் பூட்டினால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும், உயிரே போகும். கேஸ் விடயத்திலும் கவனம். பழைய ஆர் 22 மெஷினின் மானியும் பழக்கமும் ஆர் 410 ஏ வுக்குப் பொருந்தாது, அதன் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல். இப்போது அதிகம் வரும் ஆர் 32 இலேசாகத் தீப்பற்றக் கூடியது. ஆகவே பக்கத்தில் நெருப்பு வேண்டாம், சிகரட்டும் வேண்டாம். குழாய் நீளம் கைநூல் அளவைத் தாண்டினால் கூடுதல் கேஸை நிறுத்துப் போட வேண்டும், கைப்பார்வையில் அல்ல. எனக்கு மேல்தட்டு வரை முப்பது அடி போனதால் அப்படித்தான் போட்டார்.

நான்காவது, மின்சாரம். தனி வயர், தனி பிறேக்கர், சரியான ஏர்த், வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச். கடையின் மற்ற லைனில் கொளுவிவிட இடமளிக்காதீர்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு விடயம். உப்புக் காற்று வெளிப்பெட்டியின் மெல்லிய தகடுகளை அரித்துவிடும். வாங்கும்போதே தகடுகளுக்குப் பூச்சுள்ளதா என்று கேளுங்கள். மாதம் ஒரு முறை பிறேக்கரை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் தகடு மடியும். என் கடைப் பையன் ஒவ்வொரு மாத முதல் வெள்ளியும் இதைச் செய்கிறான், பதினைந்து நிமிட வேலை.

அந்தத் தம்பியின் கடைக்கு

செருப்புக் கடைத் தம்பியோடு அன்றே அவரது கடையைப் பார்க்கப் போனேன். பின்கதவைத் திறந்தோம். ஒரு சிறு முற்றம், அதற்கப்பால் ஒரு வீடு. கொடியில் குழந்தையின் உடுப்புக் காய்ந்து கொண்டிருந்தது. அவர் "எங்கயாவது" என்று நினைத்திருந்த இடம் அந்தக் கொடிக்கு நேரே இருந்தது.

"முதல்ல அந்த வீட்டில பேசுங்க தம்பி. பிறகு கூரைக்கு ஏறிப் பாருங்க" என்றேன்.

மேலே வைத்தால் குழாய், கேஸ், ஸ்டான்ட் என்று கொஞ்சம் செலவு கூடும். முகம் சுருங்கியது, வியாபாரி அல்லவா! ஆனால் அந்தச் செலவு ஒரு தடவை. பிழையான இடத்தில் வைத்தால் ஒவ்வொரு மாதமும் மின்பட்டியலில் கட்ட வேண்டும். பக்கத்து வீட்டார் கட்டுவது எந்தப் பட்டியலிலும் வராது.

ஏ.சி. வாங்க நினைக்கும் சகோதரர்கள் கடைக்குப் போக முன், தங்கள் கடையின் பின்கதவை ஒரு தடவை திறந்து பாருங்கள். ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் நாளை நண்பகல் வெளிப்பெட்டிக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். உங்களால் நிற்க முடியாவிட்டால் அதற்கும் முடியாது.