களைக்கொல்லித் தெளிப்பானைக் கரித்தூள் கொண்டு சுத்தம் செய்வீர்

வடலூர், குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் ஒரே தெளிப்பான் வைத்திருக்கும் சிறு விவசாயி, கரும்பிலும் நெல்லிலும் 2,4-டி களைக்கொல்லி தெளித்த பிறகு, அதிலேயே கத்தரி, பருத்திக்குப் பூச்சி மருந்து அடிக்க நேரிடுகிறது. சில நாட்களில் பருத்தி இலைகள் வெண்டை இலைபோல் குறுகிவிடும். கத்தரிக் கொழுந்துகள் முறுக்கிக்கொள்ளும். நோய் என்று கருதி மேலும் மருந்தடிப்பது வீண்செலவாகும். தெளிப்பானில் தங்கிய களைக்கொல்லியே இதற்குக் காரணம்.

2,4-டி மருந்து சோடியம் உப்பு, அமைன் உப்பு, எத்தில் எஸ்டர் ஆகிய வடிவங்களில் கிடைக்கிறது. எஸ்டர் என்பது அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த பொருள். எண்ணெய்த் தன்மை கொண்ட இது, தெளிப்பானின் ரப்பர்க் குழாயிலும் வாஷரிலும் ஊறிவிடும். வெறும் தண்ணீரில் போகாது.

சலவைச் சோடாவின் காரத்தில் எஸ்டர் மெல்ல உடைந்து அமிலமும் ஆல்கஹாலும் பிரியும். கரியின் பரப்பும் அதிலுள்ள சாம்பலின் காரமும் சில எஸ்டர்கள் உடைவதைத் துரிதப்படுத்துவதுண்டு. அவ்வாறு ஊக்குவிக்கும் கரி தான் செலவாவதில்லை. எனவே அதை வினையூக்கி என்பர். மாலத்தியான் உடைந்தால் அதன் வீரியம் போய்விடும். 2,4-டி அப்படியன்று. பயிரைக் கெடுப்பது அதன் அமிலமே என்பதால், எஸ்டர் உடைந்த பின்பும் ஆபத்து நீடிக்கும். அந்த அமிலத்தைக் கரி தன் நுண்துளைகளில் பிடித்து வைத்துக்கொள்ளும். இதனை 1947-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் லூகாஸ், ஹாம்னர் இருவரும் எடுத்துக்காட்டினர்.

செய்முறை: கையுறை அணிந்துகொள்ளவும். 10 லிட்டர் நீரில் 50 கிராம் சலவைச் சோடாவும் சிறிது சோப்புத் தூளும் கரைத்துத் தெளிப்பானில் ஊற்றிக் குலுக்கி, குழாய் வழியாகவும் சிறிது செலுத்தி, ஓர் இரவு வைத்திருக்கவும். மறுநாள் அதை வெளியேற்றி, நல்ல நீரால் இருமுறை அலசவும். காரம் மிஞ்சினால் கரியின் பிடிப்பு குறையும். பின்னர் 10 லிட்டர் நீரில் 100 கிராம் கிளர்வூட்டிய கரித்தூளைக் கலக்கித் துணியில் வடிகட்டி ஊற்றவும். முனையைக் கழற்றிவிட்டு, இரண்டு நிமிடம் குலுக்கிச் செலுத்தி, மீண்டும் அலசவும். அடுப்புக்கரிக்கு இந்த ஆற்றல் மிகக் குறைவு.

கழுவிய நீரைப் பெருமாள் ஏரி வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டலாகாது. களைக்கொல்லி தெளித்த வயலிலேயே ஊற்றவும்.

அடுத்து மருந்தடிக்குமுன் இரண்டு கத்தரிச் செடிகளில் அந்தத் தெளிப்பானால் நீர் தெளித்துச் சில நாட்கள் கவனிப்பது நலம். வசதியுள்ளோர் களைக்கொல்லிக்கெனத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதே சாலச் சிறந்தது.