தீபாவளிக்கு முன்னால் சரக்கு வேண்டும்

சென்ற மாதம் தம்பி மகள் போன் செய்திருந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை, ஹாஸ்டல் வாசம். "இந்த மாசம் ஓவர்டைமே தரலை பெரியப்பா" என்று அலுத்துக்கொண்டாள். வேலை குறைந்ததற்காக ஒரு பெண் வருத்தப்படுவாளா என்று என் மனைவிக்கு ஆச்சரியம். எனக்கு இல்லை. இதே குறையை 2012-ல் சீனாவின் ஷென்ஜென் நகரில் கேட்டிருக்கிறேன்.

ஓய்வு பெறும்வரை மும்பையில் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் இருந்தேன். மொபைல் சார்ஜர்களை ஷென்ஜெனில் செய்யச் சொல்லி, எங்கள் பெயரை அச்சிட்டு இங்கே விற்போம். அந்த வருடம் தீபாவளி நவம்பர் 13. அக்டோபர் முடிவதற்குள் நவாஷேவா துறைமுகத்தில் சரக்கு இறங்கியாக வேண்டும் என்று விற்பனைப் பிரிவு நெருக்கியது. கப்பல் பயணத்துக்கே இரண்டு மூன்று வாரம் ஆகும். செப்டம்பர் கடைசியில் பாதிச் சரக்குதான் தயார். விரட்டி வேலை வாங்கி வர என்னை அனுப்பினார்கள்.

ஷென்ஜெனைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்துவிட்டுத்தான் போனேன். 1980-ல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. அங்கே தைவான்காரர்களின் ஃபாக்ஸ்கான் கம்பெனியில் 2010-ல் இளம் தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராக உயிரை மாய்த்துக்கொண்டார்கள். நிர்வாகம் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. அடிப்படைச் சம்பளத்தை 900 யுவானிலிருந்து 1200 ஆக்கியது. பிறகு ஃபேர் லேபர் அசோசியேஷன் என்ற அமைப்பு அந்தக் கம்பெனியின் மூன்று தொழிற்சாலைகளை ஆராய்ந்து, 2012 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. 35,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டிருந்தார்கள். வேலை மும்முரமான மாதங்களில் வாரத்துக்கு 60 மணிக்கு மேல் உழைத்திருந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், கூடுதல் பணத்துக்காக இன்னும் அதிக நேரம் வேலை வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அது எனக்கு அப்போது புரியவில்லை.

எங்கள் சார்ஜர் தொழிற்சாலை அவ்வளவு பெரியதில்லை, சில நூறு பேர் இருப்பார்கள். பரேல் மில் சங்கு மூன்று ஷிஃப்டுக்கு ஊதிய காலத்தை நம்மில் பலர் அறிவோம். அங்கே இரண்டே ஷிஃப்ட். காலை எட்டு முதல் இரவு எட்டு, இரவு எட்டு முதல் காலை எட்டு. பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஈயம் உருகும் வாடை மூக்கில் ஏறும். மதியச் சாப்பாடு முடிந்ததும் விளக்குகளை அணைத்தார்கள். அத்தனை பேரும் அவரவர் இடத்திலேயே மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்கிப்போனார்கள். அரைமணி கழித்து விளக்கு எரிந்தது, கைகள் மறுபடி ஓடத் தொடங்கின. அந்த அரைமணி நிசப்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கணக்கைச் சொல்லிக் கொடுத்தவள் எனக்கு மொழிபெயர்த்த பெண். சீனத் தொழிலாளர் சட்டப்படி ஓவர்டைம் மாதத்துக்கு 36 மணியைத் தாண்டக் கூடாது. சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு கூலி, வார விடுமுறையில் இரண்டு மடங்கு, அரசு விடுமுறையில் மூன்று மடங்கு. அந்த வருடம் ஷென்ஜெனில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1500 யுவான். மணிக்கு எட்டரை யுவான் சொச்சம். ஒன்றரை மடங்காகவே வைத்தாலும், சட்டத்தை மதித்து 36 மணி செய்தால் 465 யுவான்தான் கூடும். நூறு மணி செய்தால் 1290. ஊருக்கு அனுப்பும் பணம் இதில்தான் இருக்கிறது. ஒருவரைத் தண்டிக்க வேண்டுமென்றால் சூப்பர்வைசர் திட்டவே தேவையில்லை, ஓவர்டைம் பட்டியலில் பெயரை விட்டுவிட்டால் போதும்! 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதே, அப்போதும் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வந்தது. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால்தான் மீதி தெரியும்.

அந்த செப்டம்பர் 30 அவர்களுடைய நிலாப் பண்டிகை. மறுநாளிலிருந்து தேசிய தின விடுமுறை. சேர்ந்தாற்போல் எட்டு நாள். ஆலையைப் பூட்டினால் எங்கள் கப்பல் போய்விடும். நான் மானேஜரிடம் கண்டிப்பாகப் பேசினேன். "தேதி தவறினால் அடுத்த ஆர்டர் வேறு இடத்துக்கு" என்றேன். கொள்முதலில் அது வழக்கமான வசனம். அவர் சிரித்துத் தலையாட்டினார். மாலையில் வேலைப் பட்டியல் மாறியது.

மறுநாள் பரிசோதனை மேஜையில் இருந்த ஒரு பெண்ணோடு பேச்சுக் கொடுத்தேன். என் மகள் வயதுதான். ஹூனான் மாகாணத்துக் கிராமம். ஐந்து வயதுப் பையன் பாட்டியிடம் வளர்கிறான். நகரத்தில் குடியுரிமைப் பதிவு இல்லாததால் இங்கே பள்ளியில் சேர்ப்பது சிரமமாம். ஊருக்குப் போக ரயில் டிக்கெட் வாங்கி வைத்திருந்தவள், முந்தின இரவு அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். வருத்தமா என்று கேட்டேன். "மூன்று மடங்கு கூலி கிடைக்குமே" என்றாள். சிறிது பொறுத்து அவளே கேட்டாள், இவ்வளவு அவசரமாக எதற்கு இந்த சார்ஜர் என்று.

எங்கள் ஊரில் பெரிய பண்டிகை வருகிறது என்றேன். அதில் என்ன செய்வீர்கள் என்றாள். விளக்கு வைப்போம், பலகாரம் செய்வோம், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்கு வருவார்கள் என்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். மொழிபெயர்த்த பெண் என் முகத்தைப் பார்த்தாள். மீதியை அவளே ஏதோ சொல்லி முடித்தாள்.

சரக்கு சொன்ன தேதியில் வந்து சேர்ந்தது. ஆபீஸில் என்னைப் பாராட்டினார்கள். அந்தத் தீபாவளிக்கு வியாபாரம் எதிர்பார்த்த அளவு இல்லை. பொங்கலுக்கு லீவு போடும் முன் ஸ்டாக் எடுக்கப் பிவண்டி கோடவுனுக்குப் போனபோது, அந்த லாட் எண் போட்ட அட்டைப் பெட்டிகளில் பாதிக்கு மேல் பிரிக்கப்படாமலே அடுக்கியிருந்தன.