இருக்கைக்கு அடியில் வேறு எஞ்சின்

அப்பாவின் வேன் பழைய பெரோடுவா ரூசா. ஓட்டுநர் இருக்கையைத் தூக்கினால்தான் எஞ்சினைப் பார்க்கலாம். கோயில் கோயிலாகப் பூமாலை ஏற்றி ஓடிய வண்டி, தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பு புகை கக்கி நின்றுவிட்டது.

"மைவி எஞ்சினைப் போடலாமே, அங்கிள்?" என்றேன். பட்டறைக்காரர் சிரித்தார். மைவியில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தைச் சுழற்றுகிறது. ரூசாவுக்கு நீளவாக்கில் வேண்டும், பின்சக்கரம் சுழல வேண்டும். அதே 1.3 லிட்டர் எஞ்சின் பழைய அவான்சாவில் நீளவாக்கில்தான் இருக்கிறதாம். அதையே கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர், வயரிங்கோடு வாங்கினோம். அப்பாவுடையது கார்புரேட்டர் வண்டி. இன்ஜெக்‌ஷனுக்கு அழுத்தம் போதாமல் பெட்ரோல் பம்ப்பையும் மாற்ற வேண்டியதாயிற்று.

முதல் ஓட்டத்தில் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். எனக்கோ கிராண்ட் கவலை. அதில் பழைய எஞ்சின் எண்தான் இருந்தது. ஜே.பி.ஜே. அனுமதியை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். புஸ்பாகோம் சோதனை வேறு. பதிவை மாற்றாமல் மோதினால் இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம்.

"அதான் ஓடுதேம்மா!" என்று கோபித்துக்கொண்டார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் எஞ்சின் ரசீதை என் கையில் கொடுத்துவிட்டு, சாவியை ஆணியில் மாட்டினார்.

தாள்கள் வரும்வரை மாலைகள் என் காரில்தான் போயின. காலை நிகழ்ச்சிக்கு வானொலி நிலையம் போய் இறங்கினால், காவலாளி "என்ன, கல்யாணமா?" என்பார்.